வாசலைப் பார்த்துப் போகும் வண்டி

சிட்லபாக்கம்,
22.11.88

அன்புள்ள மச்சான் ராஜகோபாலுக்கு,

ஜெயவேலு எழுதிக்கொண்டது. சாமி புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. காந்திமதிக்குத்தான் இன்னும் வரன் அமையவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு நீ வரைந்து கொடுத்தாயே, அந்தப் படம் சின்னதுதான், ஆனால் என்னமாய் வரைந்திருக்கிறாய்! வைக்கோல் போர், வரப்பில் உட்கார்ந்து முள் எடுக்கிற ஆள், நெல் மூட்டை ஏற்றிய வண்டி, அந்த வண்டி நிழலிலேயே நடக்கிற நாய். ஆபீஸ் விட்டு வந்து பார்த்தால் எலக்ட்ரிக் ரயிலில் பட்ட இடியெல்லாம் மறந்துபோகிறது. இதற்குப் போய் வினை வந்தது. பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் வந்து உன் அக்காவிடம், "இன்னா சாமுண்டி, மூட்ட வண்டி வாசலப் பாத்துப் போயிகினு கீது? லட்சுமி வெளிய போனா பொண்ணுக்கு எப்பிடி வரன் வரும்?" என்று கொளுத்திப் போட்டாள். உன் அக்கா அன்றே படத்தை எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னாள், மாட்டினேன், வண்டி நேராகக் கக்கூசைப் பார்த்துப் போனது, அதைக் கழற்றிக் கடைசிச் சுவரில் மாட்டினேன், வண்டி செல்லியம்மாள் வீட்டுக்கே போனது, அதற்கு மட்டும் அந்தம்மாள் வாயே திறக்கவில்லை! படம் மறுபடி பழைய ஆணிக்கே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சேலையூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் வண்டி திரும்பாவிட்டால் படம் பரணுக்குப் போய்விடும் என்கிறாள் உன் அக்கா. எனக்கு மனசு கேட்கவில்லை. பெயிண்டோடு உடனே புறப்பட்டு வந்து மாடுகளை உள்பக்கமாகத் திருப்பிவிடு. நாயையும் மறக்காதே, பாவம், தனியாகப் போகும்.

குழந்தைகளுக்கு என் ஆசி. உன் கைக்குத் தனியாக ஒன்று.

இப்படிக்கு,
ஜெயவேலு

பின்குறிப்பு: வண்டியைத் தொடாதே! படத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்ததில் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மறந்தேன். நீயும் வரவில்லை. பரண் வேண்டாமென்று நான் கெஞ்சியதில், உன் அக்கா வண்டியின் மேல் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டு மறைத்தாள். நேற்று அவர்கள் வந்து உட்கார்ந்ததும் ஃபேனைப் போட்டேன். காலண்டர் பறந்து விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பையனின் அம்மா எழுந்துபோய்ப் படத்தை உற்றுப் பார்த்து, "அட, லட்சுமி இந்த வூட்லேந்து கெளம்பி நம்ம வூட்டுக்கு வரா, பாருங்க!" என்று தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அங்கேயே தட்டு மாற்றிவிட்டோம். அவர்களுக்கும் ஒரு படம் வேண்டுமாம், அதில் வண்டி உள்ளே வர வேண்டுமாம்.

ராத்திரி சாப்பிட உட்காரும்போது படத்தைப் பார்த்தேன். செல்லியம்மாள் சொன்னது சரிதான், மச்சான். எங்கள் வீட்டு லட்சுமி தை மாதம் கிளம்புகிறாள்.