சிரிலின் கணுக்கால் மெஷின்

சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றுதான் சிரிலுக்குத் தெரியவில்லை.

படுக்கையறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அந்தப் பட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கணுக்காலைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற பட்டை. உள்ளே ரப்பர் உருண்டைகள், வெளியே இறுக்க ஒரு கொக்கி. இறுகிப்போன கணுக்காலுக்கு நீங்களே மசாஜ் செய்துகொள்ளலாம் என்று ஆன்லைனில் போட்டிருந்தான். கூட வந்த காகிதத்தை மனுஷன் பிரிக்கவே இல்லை. பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் இத்தனை வருஷமாக மெஷின் ரிப்பேர் பார்க்கிற சூப்பர்வைசருக்கு எதற்குக் காகிதம்?

போன மழைக்காலத்தில் பைக்கோடு விழுந்ததிலிருந்து வலது கணுக்கால் மடங்கமாட்டேன் என்றது. சனிக்கிழமை மகள் நிக்கோலுக்குக் கல்யாணம். காலையில் சர்ச், சாயங்காலம் ரிசப்ஷன். ரிசப்ஷனில் பெண்ணோடு அப்பா ஒரு டான்ஸ் ஆடியே ஆகவேண்டும். மாப்பிள்ளையின் அப்பா க்ளென், ஜைவ் டான்ஸ் ஆடிக் கோப்பை கோப்பையாக வாங்கி வைத்திருப்பவர். அவரிடம் போய் நிச்சயதார்த்தத்தன்று சிரில் வாயை விட்டிருந்தார். "அந்தக் காலத்துல விவேக் நகர்ல நான் வராம டான்ஸே ஆரம்பிக்காது சம்பந்தி!"

உண்மை என்னவென்றால், அந்தக் காலத்தில் சிரில் நின்றதெல்லாம் கட்லெட் தட்டுப் பக்கத்தில்தான்.

பட்டையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஒன்றும் நடக்கவில்லை. 'ஏமாத்திட்டான் பாவி' என்று நினைத்தபோது வெளியிலிருந்து மனைவி ஜோசஃபின் கதவைத் தட்டினாள்.

"என்னங்க, சம்பந்தி போன் பண்ணாரு. உங்க டான்ஸைப் பார்க்கச் சொந்தக்காரங்க எல்லாரையும் கூட்டிட்டு வர்றாராம்!"

கணுக்கால் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கியது.

"அட, ஆட்டோமேட்டிக்!" என்றார் சிரில். அவருக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் அதைக் கட்டிக்கொண்டே பீன்யாவுக்கு வேலைக்குப் போனார். நாள் பூராவும் அசையவில்லை. 'சார்ஜ் ஏறுது போல' என்று முடிவு கட்டினார். சாயங்காலம் சர்ச்சில் ஒத்திகை. நிக்கோல் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தார். முன்வரிசையில் க்ளென் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதும் மெஷின் கிளம்பிவிட்டது.

"டாடி, ஏன் இப்படித் துள்ளித் துள்ளி நடக்கறீங்க?"

"ஷூ புதுசும்மா."

வீட்டுக்கு வந்ததும் ஆட்டத்தைக் குறைக்கக் கொக்கியை இறுக்கினார். நாளைக்கு டான்ஸ் என்ற நினைப்பு வந்தது, ஆட்டம் அதிகமானது. இன்னும் இறுக்கினார். கொக்கி கழற்ற வராமல் சிக்கிக்கொண்டது. எண்ணெய் விட்டார்; பட்டை வழுக்கிக் கணுக்கால் எலும்புக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. ஸ்பேனரைப் போட்டு நெம்பினார். கொக்கி வளைந்தே போனது. சூப்பர்வைசர் இல்லையா!

சனிக்கிழமை காலை சாக்ஸை அதன் மேலேயே இழுத்துவிட்டார். காலில் கத்தரிக்காய் காய்த்த மாதிரி இருந்தது. ஜோசஃபினின் தங்கை ஆஞ்சலா கண்ணில் அது பட்டுவிட்டது.

"என்ன மாமா காலு வீங்கியிருக்கு?"

"கொசு."

"கொசுவா, கோழி கொத்துச்சா?"

சிரில் நழுவினார். அவருக்கு அழுகை வந்தது. தன் மானம் போனால் போகட்டும். பெண் அத்தனை பேருக்கு முன்னால் அப்பாவைப் பார்த்துத் தலைகுனிந்துவிட்டால்? அதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

ஆடுகோடியில் ரிசப்ஷன் ஹால் நிரம்பி வழிந்தது. டிஜே சிரிலின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நிக்கோல் கையை நீட்டினாள். சிரில் ஒரு அடி வைத்தார். அவ்வளவுதான், வலது கால் தையல் மெஷின் ஊசியாக அடித்துக்கொண்டது.

"டாடி, என்ன ஸ்டெப் இது?"

"கேக்காதே கண்ணு, ஆடு!"

காலை நிறுத்த இடது பக்கம் சாய்ந்தார். உடம்பு சுழன்றது. விழாமல் இருக்க ஒரு குதி குதித்தார். அப்புறம் க்ளென் எழுந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிலின் காலையே பார்த்தார். போச்சு, சிரிக்கப் போகிறார் என்று சிரிலுக்கு உயிரே போயிற்று.

க்ளென் தன் வலது காலைத் தூக்கி அதேமாதிரி உதறினார். "சூப்பர் ஸ்டெப் சம்பந்தி!"

அவர் உதறினால் அவர் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அத்தனை பேரும் உதறினார்கள். ஜோசஃபின் பட்டுப்புடவையை ஏற்றிப் பிடித்துக்கொண்டு உதறினாள். விசில் பறந்தது. நிக்கோல் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரோடு அவரைக் கட்டிக்கொண்டாள். "டாடி, யூ ஆர் த பெஸ்ட்!"

சிரிலுக்கு அந்த மெஷினைக் கும்பிடலாம் போல இருந்தது.

பாட்டு முடிந்ததும் ஆஞ்சலாவை ஹாலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். பேன்ட்டைத் தூக்கிக் காட்டி, நடந்ததையெல்லாம் கொட்டினார். "கழட்டவே முடியல ஆஞ்சலா. கால் மரத்துப் போச்சு. வெட்டி எடுத்துடு. சும்மா சொல்லக்கூடாது, என் மானத்தைக் காப்பாத்தினதே இந்த மெஷின்தான்!"

ஆஞ்சலா கேக் வெட்டிய கத்தியை எடுத்து வந்து, குனிந்து அறுக்க ஆரம்பித்தாள். அதற்குள் உள்ளே டிஜே மைக்கில் அலறினான். "ஒன்ஸ் மோர்! சிரில் அங்கிள், க்ளென் அங்கிள், ரெண்டு பேரும் சேர்ந்து! வாங்க, வாங்க!"

சிரில் சுவரைப் பிடித்துக்கொண்டார். "சீக்கிரம் அறு ஆஞ்சலா! பாரு, மோட்டார் மறுபடியும் ஓட ஆரம்பிச்சிடுச்சு!"

ஆஞ்சலா நிமிர்ந்து பார்த்தாள்.

"ரப்பர் உருண்டையைத் தவிர இதுல ஒண்ணுமே இல்ல மாமா, பட்டையையும் அறுத்து என் கையிலதான் வெச்சிருக்கேன். அப்புறம் எதுக்கு உங்க காலு இன்னும் இப்படி ஆடுது?"