எலியை நம்பி ஒரு நிச்சயதார்த்தம்

'மருந்து வந்தாச்சு'க்காரர் என்று ஒரு வகை உண்டு, பார்த்திருப்பீர்கள். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை பஸ்ஸில் போனால், அமரவிளைக்கு முன்பே இரண்டு பேராவது ஏறிவிடுவார்கள். வயிற்றில் கல் என்று சொல்லுங்கள், ரஷ்யாவில் அதைக் கரைத்துவிட்டார்கள் என்பார். மனைவிக்கு மூட்டுவலி என்று சொல்லுங்கள், ஜப்பானில் அந்த வியாதியே இப்போது கிடையாது என்பார். சித்தப்பா போன மாதம் போய்ச்சேர்ந்தார் என்று சொல்லுங்கள், அடடா, கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று உங்களையே கோபித்துக்கொள்வார். மருந்தின் பெயர் என்ன? கேட்டுவிடாதீர்கள், அவர் இறங்கவேண்டிய இடம் வந்துவிடும்.

இந்த வகையில் முதல்தரம் எங்கள் கைலாசம் பிள்ளை. ரிஜிஸ்டர் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தா. ஆதாரப் பத்திரங்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு வாசிப்புமுறை படிந்துபோயிற்று. மேலே தலைப்பைப் பார்ப்பார், அடியில் கையெழுத்தைப் பார்ப்பார். நடுவில் இருப்பது வாங்குகிறவன் பாடு, விற்கிறவன் பாடு. பென்ஷனுக்குப் பிறகு மலையாளப் பேப்பரையும் அப்படித்தான் வாசிக்கிறார்.

கெட்ட மனுஷர் இல்லை. அவருடைய மூத்த மகளுக்கு இருபத்தைந்து வயதில் பார்வை முழுசாகப் போயிற்று. அன்றைக்குப் பிடித்த பழக்கம் இது. தங்கை உமையம்மாளின் மகள் ஆனந்தலட்சுமிக்கும் அதே கண். சின்ன வயதில் விளக்கு வைத்தால் நிலைப்படியில் இடித்துக்கொள்வாள். இப்போது பகலிலும் குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத்தான். குடும்ப வியாதி, சொந்தத்தில் கட்டினால் பிள்ளைகளுக்கும் வரலாம் என்று திருவனந்தபுரத்து டாக்டர் சொல்லியிருந்தார். கைலாசம் பிள்ளையின் மகன் சபரீஷோ முறைமாப்பிள்ளை. தங்கமான பையன். அவளுக்கும் பிடித்தவன். நாலு வருஷமாகப் பேச்சு அங்கேயே நின்றது.

போன வருஷம், தொண்ணூற்றேழில், அந்தச் செய்தி வந்தது. தலைப்பு: 'பரம்பரைக் கண்நோய்: எலியின் ஜீனை நீக்கி விஞ்ஞானிகள் வெற்றி.' கடைசி வரி: 'சிகிச்சைக்கு வழி பிறக்கும் என நம்பப்படுகிறது.' வேறென்ன வேண்டும்? செருப்பைக்கூட மாட்டாமல் தங்கை வீட்டுக்கு ஓடினார்.

"உமையா, கேட்டியா? சொத்தப் பல்லப் பிடுங்குத மாதிரி ஜீனைப் பிடுங்கியாச்சு. எலிக்கு இனி ஒரு பயமும் இல்லே."

"மனுஷனுக்கு எப்போ அண்ணே?"

"எலிக்கு வந்தா மனுஷனுக்கு வர எவ்வளவு நேரம்? இவளுக்குப் பிள்ளை பிறந்து, அதுக்குக் கண்ணு மங்கணும்னா பத்து வருஷம் உண்டு. அதுக்குள்ள நெய்யாற்றின்கரை மருந்துக்கடையில கிடைக்குமாக்கும்!"

ஆவணியில் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். எலி ஒன்றைச் சாட்சி வைத்து நிச்சயமான கல்யாணம் நம் பக்கத்தில் அதுவே முதல் என்று நினைக்கிறேன். கூடப்போன பெரியவர்களில் நானும் ஒருவன். எலிக்கு ஆயுசு நீளட்டும் என்று வெற்றிலை போட்டுக்கொண்டோம்.

அந்தத் துண்டுச் செய்தியை முழுசாக வாசித்த ஒரே ஆள் ஆனந்தலட்சுமி. அவளுக்கு வேறு வழியில்லை. ஒரு பார்வைக்கு இரண்டு மூன்று சொல்தான் அகப்படும்; பேப்பரை முகத்தோடு சேர்த்து, உச்சிவெயிலில் முற்றத்தில் நின்று, ஒவ்வொரு சொல்லாகத்தான் வரவேண்டும். எதையும் தாண்டிப் போக அவள் கண்ணுக்குத் தெரியாது.

நிச்சயதார்த்தத் தட்டை எடுக்கும்போது கேட்டாள்.

"மாமா, எலிக்கு முதல்ல கண்ணு எப்படி இருந்ததுன்னு தெரியுமா?"

"கெட்டுப்போய்த்தான் இருந்திருக்கும் மக்கா."

"நல்லா இருந்தது மாமா. இவங்க எடுத்தது நல்ல ஜீனையாக்கும். எடுத்த பொறவு எலிக்குக் கண்ணு போச்சு. எப்படிப் போவுதுன்னு படிக்கதுக்கு, போக வச்சுப் பாக்காவ. மருந்து இனித்தான் தேடணுமாம்."

சபை வெற்றிலையைப் பார்த்தது. உமையம்மாள், "நல்ல நேரத்துல என்னத்துக்குப் பிள்ளே இந்தப் பேச்சு?" என்று அதட்டினாள்.

"அத்தான் மேல எனக்கு ஒரு கொறையும் இல்லே அம்மா. பிடிக்கவும் செய்யும். எனக்க கண்ணு எனக்க பிள்ளைக்கு வேண்டாம்."

கைலாசம் பிள்ளை பேப்பரை வாங்கினார். ஆபீஸும் பென்ஷனுமாக முப்பத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக ஒரு காகிதத்தின் நடுவை வாசித்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. 'அதைத்தானே நானும் சொன்னேன்' என்று தொடங்குவார் என எல்லோரும் காத்திருந்தோம். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "அப்போ மூத்தவளுக்கும் மருந்து ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். தட்டு வந்த வழியே திரும்பிப் போயிற்று.

இதை வாசித்து வரும்போது உங்களைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். 'ஐயோ பாவம், மனசுக்குப் பிடித்த பையன். நாலைந்து வருஷத்தில் ஏதாவது வராமலா போகும்?' என்று உள்ளுக்குள் சொன்னீர்களா, இல்லையா? நல்லெண்ணம்தான், குறை சொல்லவில்லை. அந்தப் பக்கம் போனால் அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் போன வாரம் போய்ச் சொன்னேன். உட்காரச் சொல்லி, நல்ல சாயா போட்டுத் தந்தாள். குடித்து முடித்ததும், 'மருந்துக்குப் பேரு என்ன?' என்று கேட்டாள்.