எங்கள் பிழைதிருத்துநருக்கு நான் எழுதிய இரங்கல்

நான் ஒருமுறை ஒருவரைக் கொன்றிருக்கிறேன். அதிக நேரத்துக்கு இல்லை, ஒரு மத்தியானத்திலிருந்து மறுநாள் காலை வரைக்கும்தான். ஆனாலும் கொலை கொலைதானே. ஆயுதம் ஒரு பழைய லாப்டாப். காரணம் பெருமை. "அவசரக்குடுக்கைத்தனத்தையும் எழுதுங்கோ" என்கிறாள் என் மனைவி ஜெயந்தி. எழுதியாயிற்று.

அப்போது நாங்கள் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோவுக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. நகரத்தின் ஓரம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலைப் பார்த்தபடி ஒரு மீன் சாப்பாட்டுக் கடை. எல்லோரும் கடலைப் பார்த்துச் சாப்பிட, நான் பின்பக்கம் சுவரைப் பார்த்துத் தட்டுக் கழுவினேன். இங்கே எங்கள் ஆட்கள் அநேகமாகக் கத்தோலிக்கர். ஞாயிறு பூசைக்குப் போனால் பாதி யாழ்ப்பாணத்தையும் முக்கால் மன்னாரையும் பார்த்துவிட்டு வரலாம். நாங்களோ பரம்பரை ஆங்கிலிக்கன். அந்தக் குடும்பத்தின் அமெரிக்கக் கிளையான எப்பிஸ்கோப்பல் சபை ஒன்று நகரத்தில் சின்னதாக இருந்தது. எவ்வளவு சின்னது என்றால், நானும் ஜெயந்தியும் மகள் மெர்சியும் போய்ச் சேர்ந்த அன்று ஃபாதர் மைக்கேல் பிரசங்கத்தை நிறுத்தி, "சபை வளர்கிறது" என்று அறிவித்தார்.

இந்தச் சபைக்கு இணையத்தில் ஒரு பத்திரிகை இருந்தது. (பெயரைச் சொல்லமாட்டேன். அது இன்னும் வந்துகொண்டிருக்கிறது. என்னால் அதற்கு வந்த அவமானம் போதும்.) அதன் ஆசிரியர் சிக்னோரா டொரத்தி. சிசிலியரைக் கல்யாணம் செய்து, அவரையும் அடக்கம் செய்துவிட்டு, ஊர் திரும்பாமல் இருந்துவிட்ட அமெரிக்கப் பெண்மணி. பிழைதிருத்துநர் மிஸ்டர் ஹெரால்டு ஹார்வி. பலேர்மோவில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆங்கிலேயர். கமா ஒன்று இடம் மாறி உட்கார்ந்திருந்தால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. மூன்றாவது ஆள் நான், தொழில்நுட்ப ஆசிரியர். அதாவது, மற்ற இருவருக்கும் பாஸ்வேர்ட் மறந்துபோனால் கண்டுபிடித்துக் கொடுப்பவன்.

எனக்கு எழுத ஆசை. ஆனால் அதுவரை அந்தப் பத்திரிகையில் நான் எழுதி வெளியான ஒரே படைப்பு, 'திருத்த வேலை காரணமாகத் தளம் இன்று இயங்காது' என்ற அறிவிப்பு. அதிலும் மிஸ்டர் ஹார்வி பிழை கண்டுபிடித்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை. சபைக் கோயில் அலுவலகத்தில் நானும் சிக்னோரா டொரத்தியும் வேலையாக இருந்தோம். மத்தியானம் செல்வி போன் எடுத்தாள். வன்னிப் பிள்ளை, ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் இருக்கிறாள். தினமும் காலையில் மிஸ்டர் ஹார்வி வீட்டுக்குப் போய்ச் சமைத்து, துப்புரவாக்கி, அவருக்கு மருந்துக் குளிசை கொடுத்துவிட்டு வருவது அவள் வேலை.

"அண்ணை, ஐயா போயிட்டார்!" என்றாள். அழுகிற குரல்.

"என்ன பிள்ளை சொல்லுறீங்கள்? எப்ப?"

"நேற்றுப் பின்னேரமாம். நான் காலமை வந்து பாக்கிறன், வீடு வெறிச்சுக் கிடக்கு. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை அண்ணை. குளிசையெல்லாம் அப்பிடியே மேசையிலை கிடக்கு."

"பக்கத்திலை ஆரும் இருந்தவையோ?"

"ஒருத்தருமில்லை. தனியத்தான் போயிருக்கிறார். நான் நிண்டிருந்தா விட்டிருப்பனோ? கீழ்வீட்டுச் சிக்னோராதான் கண்டவவாம். நல்ல கோட்டுப் போட்டு, தொப்பியும் வைச்சு, மாப்பிள்ளை மாதிரிப் போனாராம்."

(இத்தாலியர் இறந்தவரை நல்ல உடுப்பு உடுத்தித்தான் அனுப்புவார்கள். தொப்பி மட்டும் கொஞ்சம் உறுத்தியது. ஆங்கிலேயர்தானே, அவர்கள் வழக்கம் வேறாக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.)

"இப்ப எங்கை..." என்று அவள் தொடங்கினாள்.

"ஒண்டும் கதைக்காதைங்கோ பிள்ளை. மனதைத் தேற்றுங்கோ. மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்" என்று கனிவாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்தக் கனிவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

சிக்னோரா டொரத்தியிடம் சொன்னேன். அவர் கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "உடல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் உடலைப் பற்றி யோசிக்க எனக்கு எங்கே நேரம்? நான் தலைப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் ஃபாதர் பார்ப்பார்" என்றேன். ஃபாதர் மைக்கேல் ஒரு கூட்டத்துக்காகக் கடலுக்கு அக்கரையில் நாப்போலி (நேப்பிள்ஸ்) போயிருந்தார். போனில் சொன்னதும் உடைந்துபோய், "இன்றிரவுக் கப்பலிலேயே திரும்புகிறேன், காலையில் ஜெபம் வைப்போம்" என்றார்.

அழுது களைத்திருந்த சிக்னோரா, "நீயே எழுது" என்று சொல்லிவிட்டார். என் எழுத்து வாழ்க்கை இப்படித்தான் தொடங்கியது.

எழுதினேன். லேட் மிஸ்டர் ஹார்வி அமைதியாக வாழ்ந்தார், அமைதியாகப் பணியாற்றினார், நண்பர்கள் சூழ அமைதியாகக் கண்மூடினார் என்று எழுதினேன். (தனியாகப் போனார் என்று எழுதினால் சபைக்கு மரியாதை இல்லையே.) 'கடைசி நாள்வரை கழுகின் கண்களோடு எங்கள் பிழைகளைக் கண்டுபிடித்தார்' என்ற வரியை எழுதியபோது என் கண்ணே கலங்கியது. என் எழுத்தை வாசித்து நானே அழுதது அதுதான் முதல் தடவை.

வெளியிடுவதற்கு முன் சிக்னோரா டொரத்தி தன் போனை எடுத்து யாருக்கோ அடித்தார். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது.

"யாருக்கு சிக்னோரா?"

"ஹெரால்டுக்குத்தான். அவர் பார்க்காமல் நாம் எதையும் வெளியிட்டதே இல்லையே" என்றவர், தான் சொன்னது தனக்கே விளங்கி மறுபடியும் அழத் தொடங்கினார். நான் பட்டனை அமர்த்தினேன்.

எங்கள் பத்திரிகையை அவ்வளவு பேர் வாசிப்பார்கள் என்று எங்களுக்கே தெரியாது. எங்கிருந்தெல்லாமோ அனுதாபங்கள் வந்து குவிந்தன. 'அருமையான எழுத்து' என்று ஒருவர் எழுதியிருந்ததை ஜெயந்திக்கு வாசித்துக் காட்டினேன். "செத்த மனிசனை வைச்சு நல்ல பேர் எடுக்கிறியள்" என்றாள். அவளுக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, ஃபாதரைக் கூட்டிவரத் துறைமுகத்துக்குப் போனோம். கடையில் பரிமாறுகிறவரிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டு எனக்கு. கைகள் விரல் நுனிவரை மூடிக் கிடந்தன. கப்பல் பிந்தி வந்தது. லொறிகள் இறங்கின, சனம் இறங்கியது. நான் முகத்தைச் சோகமாக வைத்துப் பழகிக்கொண்டு நின்றேன்.

ஜெயந்தி என் கையைச் சுரண்டினாள். "இஞ்சேருங்கோ."

"பொறு, ஃபாதர் வாறார்."

"அவர் வரட்டும். உங்கடை செத்த மனிசனும் பக்கத்திலை நடந்து வாறார்."

பார்த்தேன். கோட்டு, தொப்பி, எல்லாம் செல்வி சொன்னபடியே. மிஸ்டர் ஹார்வியின் முழங்கையைப் பிடித்தபடி ஃபாதர் மைக்கேல். உயிர்த்தெழுதலைப் பற்றி எத்தனையோ வருடம் பிரசங்கித்தவர். நேரில் கண்ட குழப்பம் அவர் முகத்தை விட்டு இன்னும் போகவில்லை.

எனக்குக் கால் ஓடவும் மறந்துவிட்டது. கிழவர் என் முன்னால் வந்து நின்றார்.

"நீதான் எழுதினாயா?"

"ஓம் சேர்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

"'லேட் மிஸ்டர் ஹார்வி' என்று போட்டிருக்கிறாய். நான் வாழ்க்கையில் எதற்கும் லேட்டாக வந்தவன் இல்லை. இன்றைக்கும் லேட்டானது கப்பல்தான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "முதல் பத்தியில் 'அமைதியாக' என்ற சொல் மூன்று தரம் வருகிறது. ஒரு சாவுக்கு ஒன்று போதும்."

காருக்கு நடக்கும்போது ஃபாதர் என்னைப் பின்னால் இழுத்து நிறுத்தி நடந்ததைச் சொன்னார். காலையில் கப்பலில் கோப்பி குடிக்கப் போனவர், அங்கே ஒரு மேசையில் இறந்தவர் தனியாக உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் பூசுவதைக் கண்டிருக்கிறார். இருவரும் அலறி முடிந்ததும், தன் போனில் இரங்கலைத் திறந்து அவரிடம் நீட்டியிருக்கிறார். மிஸ்டர் ஹார்வி வாங்கவில்லை. "நீங்களே வாசியுங்கள்" என்றாராம். ஃபாதர் வற்புறுத்தியபோதுதான் உண்மை வந்திருக்கிறது. பல மாதமாக அவருக்கு எழுத்துக் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துத்தான் பிழை பார்த்துச் சமாளித்திருக்கிறார். கண் டாக்டரிடம் காட்டத்தான் நாப்போலி போயிருக்கிறார். பலேர்மோ டாக்டர்களில் பாதிப்பேர் அவருடைய பழைய மாணவர்கள். விஷயம் வெளியே போய்விடும். போனால் பிழை பார்க்கும் வேலையை யாராவது வாங்கிவிடுவார்கள். அந்த வேலை ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

"கழுகுக் கண் என்று எழுதினாய் அல்லவா, அந்த வரியை நான் வாசித்தபோது கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்" என்றார் ஃபாதர்.

அதுவரை எனக்கு இருந்தது அவமானம். அதற்குப் பிறகு வந்ததற்கு வேறு பெயர். முன்னால் தொப்பியோடு மெல்ல நடந்துபோன அந்த மனிதரைப் பார்க்க முடியாமல் நான் இரவல் கோட்டின் கைகளை மடித்துக்கொண்டே வந்தேன்.

கோயிலுக்குப் போனால் வாசல்வரை அழுகுரல். நான் சரியாகப் பதில் சொல்லாததால் செல்வி ஐயாவைத் தேடிக் கோயிலுக்கே வந்திருக்கிறாள். வந்தவள் கண்டது மாலை போட்ட அவருடைய படமும் மெழுகுதிரியும்! படத்தின் முன்னால் விழுந்து கிடந்தாள். "ஐயோ ஐயா, அந்தக் குளிசையைப் போட்டிட்டுப் போயிருந்தா இப்பிடி வந்திருக்குமே!"

மிஸ்டர் ஹார்வி தொப்பியைக் கழற்றி, "செல்வி, வேண்டிய குளிசையைப் பையில் எடுத்துக்கொண்டுதான் போனேன்" என்றார் இத்தாலியனில்.

செல்வி கத்திய கத்தலில் மெழுகுதிரி அணைந்தது என்று ஜெயந்தி சொல்வாள். (அணைந்தது உண்மை. காற்றாகவும் இருக்கலாம்.) அழுகை நின்றதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நான் போயிட்டார் எண்டுதானே சொன்னனான்! செத்திட்டார் எண்டு சொன்னனானோ? எங்கை போய்த் தேடுறது எண்டு கேக்கத்தானே போன் எடுத்தனான்! நீங்கள் மனதைத் தேற்று எண்டு சொல்லி வைச்சிட்டியள்!"

சிக்னோரா டொரத்தி மிஸ்டர் ஹார்வியின் கன்னத்தில் ஒரு அடி அடித்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டார்.

திருத்தத்தை மிஸ்டர் ஹார்வியே சொல்லச் சொல்ல நான் தட்டினேன். 'மேற்படி செய்தி சற்று முந்திக்கொண்டுவிட்டது' என்று ஒரே வரி. ஆனால் அது போய்ச் சேருமுன் இங்கிலாந்திலிருந்து ஒரு அம்மா கோயிலுக்குப் போன் எடுத்துவிட்டார். மிஸ்டர் ஹார்வியின் தங்கை. தாயின் பியானோ யாருக்கு என்று சண்டை போட்டுப் பல வருடம் பேசாமல் இருந்தவர். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்காமல் விட்டேனே என்று அழுதவரிடம் ஃபாதர் விஷயத்தைச் சொல்லி, போனை மிஸ்டர் ஹார்வியிடம் கொடுத்தார். மறுமுனையிலிருந்து, எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அப்படியானால் நான் அழுததையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், ஹெரால்டு" என்றார் அந்த அம்மா. ஆனால் கண் ஆபரேஷனுக்கு வந்து நின்றவர் அவர்தான். பியானோவைப் பற்றி ஆஸ்பத்திரியிலும் சண்டை நடந்தது என்று கேள்வி.

மிஸ்டர் ஹார்வியின் கண் தேறும்வரை கட்டுரைகளை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். தட்டுக் கழுவிவிட்டு மீன் வாடையோடு போய் உட்காருவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, நான் விட்ட கமாவையெல்லாம் காதாலேயே பிடிப்பார். என் வேலையை யாரும் பறிக்கவில்லை. இரங்கல் எழுதுவதை மட்டும் பறித்துவிட்டார்கள்.

வீட்டில்தான் இன்னும் விடுதலை இல்லை. சில வருடம் கழித்து ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாழ்ப்பாணத்திலிருந்து மச்சான் போன் எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அத்தான், சின்ன மாமா போயிட்டார்."

"ஐயோ, மனதைத் தேற்று..." என்று தொடங்கினேன்.

மெர்சி தட்டிலிருந்து தலை நிமிர்த்தாமலே, போனுக்குக் கேட்கும்படி, பலேர்மோத் தெருப் பிள்ளைகளின் இத்தாலியனில் கேட்டாள்: "மோர்த்தோ, ஓ நாப்போலி?" செத்ததோ, நாப்போலியோ?

"அவள் என்ன கேக்கிறாள்?" என்றான் மச்சான்.

ஜெயந்தி போனை என் கையிலிருந்து வாங்கினாள். "மாமா எங்கை போனவர் எண்டு கேக்கிறாள்."

"கனடாவுக்கு. மகனிட்டை. நேற்றுத்தான் பிளேன் ஏத்தி விட்டம்."

நானும் அதைத்தான் கேட்க இருந்தேன் என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.