அரிசி மூட்டைக்கு மைக் வைத்தவள்

ஒரு அரிசி மண்டிக்காரரின் மகள் உலகத்தில் எந்தச் சத்தத்தை வேண்டுமானாலும் இசையாக்கலாம், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைத்தான் நான் குழாய் ஸ்பீக்கர் கட்டி, பாகூர் கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன். வாசித்ததோடு நிற்காமல் விளக்கமும் கொடுத்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கல்லூரி முடித்துவிட்டு, 'சோதனை இசை' செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, வில்லியனூரில் எங்கள் வீட்டு மாடியில் பூச்சிகளோடு வாழ்ந்துகொண்டிருந்தேன். எல்லாம் புதுச்சேரியில் ஒரு மூன்று நாள் பயிலரங்குக்குப் போய்வந்ததன் விளைவு. (மூன்றாம் நாள் மதியமே திரும்பிவிட்டேன். ஆனால் அதற்குள் கண்ணாடி ஃபிரேமை மாற்றியிருந்தேன்.) ஐஸ்கிரீம் டப்பாவில் ஐந்து சுவர்க்கோழிகள், அவற்றுக்குத் தினமும் வெள்ளரிக்காய். திறந்தால் பாடும் வாழ்த்து அட்டை இருக்கிறதல்லவா, அதற்குள் உள்ள காசு அளவுத் தகட்டைப் பிய்த்து வயர் வைத்துப் பற்றவைத்தால் அதுதான் மைக். டப்பாவில் ஒட்டிவிட்டால் பூச்சி கால் மாற்றி நிற்பதுகூடக் கேட்கும்.

அப்பா இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். வில்லியனூரில் அவர் பெயர் எடுத்தது ஒரே விஷயத்தால்: அவர் கடை அரிசியில் வண்டு இருக்காது. அந்தச் சொல்லையே எங்கள் கடையில் யாரும் சொல்லக் கூடாது. 'அது' என்றுதான் சொல்ல வேண்டும். "கடைசி வரிசையில அது வந்துருக்கு மொதலாளி" என்று கடையாள் காதோடு சொன்னால், அப்பாவின் முகம் துக்கம் விசாரிக்கப் போகிறவர் முகமாகிவிடும். அந்த மூட்டை உடனே விற்பனையிலிருந்து விலகி, எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வெயில் காய வந்துவிடும்.

அந்த அப்பா பாகூரில் இரண்டாவது கடை திறந்தார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. "மொத நாள் இன்னா பேர் வருதோ, அதான் கடைசி வரைக்கும்" என்று வாரம் முழுக்கப் புலம்பினார். அப்படிப்பட்ட நாளில்தான், வழக்கமான நாதஸ்வரப் பதிவுக்குப் பதிலாக என் இசையைப் போடலாமா என்று கேட்டேன். அவர் சரி என்றார். தொழிலில் அவர் செய்த தவறு என்று எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

நிகழ்ச்சிக்கு 'நெல்லின் நிழல்' என்று பெயர் வைத்தேன். (அதில் நெல்லும் இல்லை, நிழலும் இல்லை.) பாட வேண்டியவை சுவர்க்கோழிகள். காலை பத்து மணிக்கு அவை பாடாது என்பதால் டப்பாவைக் கறுப்புத் துணியால் மூடி இருட்டாக்கினேன். தாளத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, மாடியில் வெயில் காய வந்திருந்த ஒரு மூட்டை கண்ணில் பட்டது. அதிலிருந்து ஒரு படி அள்ளிப் பால் பவுடர் டின்னில் போட்டு, தகட்டை ஒட்டிக் கேட்டேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. அத்தனை வண்டுகளும் அரிசிக்குள்ளிருந்து கொறித்தன. பின்னணியில் மெல்லக் கேட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று, அப்பாவிடம் டின்னைப் பற்றி மூச்சு விடவில்லை.

திறப்பு விழாவன்று பந்தலில் நல்ல கூட்டம். குத்துவிளக்கு ஏற்றி, சந்தனமும் கற்கண்டும் கொடுத்து முடித்ததும், மைக் செட் ஏழுமலை அண்ணனுக்குச் சைகை காட்டினேன். சுவர்க்கோழிகள் பாடவில்லை. கூட்டத்தைக் கண்டதும் ஐந்தும் வாயை மூடிக்கொண்டன. (அவை பாடுவது இறக்கையால். அதையும் மூடிக்கொண்டன.) தன் செட்டுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறிய ஏழுமலை அண்ணன், இருந்த திருகுகளையெல்லாம் கடைசி வரைக்கும் திருகினார்.

குழாயிலிருந்து வந்தது: கர்ரக், கர்ரக், சரசர, கர்ரக்.

"இன்னா ஏழுமலை, செட்டு ரிப்பேரா?" என்றார் அப்பா.

"என் செட்டு நல்லாத்தான் கீது மொதலாளி. சத்தம் பாப்பா டின்லேருந்து வருது."

"டின்ல இன்னா பாப்பா வெச்சிருக்க?"

அந்த இடத்தில் 'ஒண்ணுமில்லப்பா' என்று சொல்லியிருக்கலாம். டின்னுக்குள் இருந்த வண்டுக்குக்கூட அவ்வளவு விவரம் இருந்திருக்கும். ஆனால் என் கலையை ரிப்பேர் என்று சொல்லிவிட்டார்களே. மைக்கைப் பிடித்தேன்.

"இது ரிப்பேர் இல்லை. உயிருள்ள இசை. நீங்கள் கேட்பது அரிசி வண்டுகள் அரிசியைக் குடையும் ஒலி. இந்த அரிசி எங்கள் கடை மூட்டையிலிருந்தே எடுக்கப்பட்டது. அப்பாவுக்கு நன்றி."

பந்தலில் ஒரு சத்தம் இல்லை, வண்டுகளைத் தவிர. முன்வரிசையில் ஒருவர் வாயிலிருந்த கற்கண்டைத் துப்பினார். அப்பா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைக்குள் போய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது.

மகள் கல்யாணத்துக்கு அரிசி பார்க்க குருவிநத்தத்திலிருந்து வந்திருந்த தனலட்சுமி அக்கா எழுந்து, விறுவிறுவென்று கடைக்குள் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் அப்பாவைத் தாண்டிப் போனார். முதல் மூட்டைமேல் குனிந்து காதை வைத்தார்.

"அந்த ரேடியோவ நிறுத்தச் சொல்லுடி. ஒண்ணும் கேக்கல."

நான் ஓடிப்போய் வயரையே பிடுங்கினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மூட்டையாகக் கேட்டார். பத்துப் பன்னிரண்டு மூட்டை கேட்டபின் நிமிர்ந்தார்.

"எதுலயும் சத்தம் இல்லியேப்பா. பெத்த பொண்ணே மைக் வெச்சி குறை சொல்ற கடையில மறைக்கறதுக்கு இன்னா இருக்கப் போவுது? எங்க வூட்டு கல்யாணத்துக்கு இங்கியே எடுத்துக்கறேன். அந்த டின்னு மட்டும் வேணாம்."

பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து மூட்டைகளில் காதை வைத்தார்கள். அப்பா மெல்ல எழுந்து, எல்லோருக்கும் வழிவிட்டு நின்றார். என்னை மட்டும் ஒரு வாரம் பார்க்கவில்லை.

கடையின் போர்டில் இருப்பது தாத்தா பெயர். பாகூரில் கேட்டால் 'வண்டுப் பாட்டுக் கடை' என்றுதான் வழி சொல்வார்கள். அங்கே யாரும் அரிசியை அள்ளிப் பார்த்து வாங்குவதில்லை, காதால் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார்கூட எங்கள் வீட்டு அரிசிப் பானையில் காதை வைத்துவிட்டுத்தான் பாயில் உட்கார்ந்தார்.

நான் பூச்சிகளை விட்டு வெகுநாள் ஆகிறது. அப்பா விடவில்லை. மில்லிலிருந்து லோடு வந்தால் லாரிமேல் தானே ஏறி, மூட்டைக்கு மூட்டை காதை வைப்பார். கடையாட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பார்கள். கேட்டு முடித்ததும், நான் அங்கே இருந்தால் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படிச் சொல்வார்:

"இன்னிக்குக் கச்சேரி இல்ல. எறக்குங்கப்பா."