அடிமட்டம் அண்ணையின் சரியான அளவு

பனியைக் கையால தொட்டும் பாராமல், ஸ்கீ எண்ட பனிச்சறுக்குப் பலகையில ஒரு நிமிசமும் ஏறி நிக்காமல், மெல்பேர்ணில எங்கட சனத்தின்ர பிள்ளையளில அரைவாசிப் பேரின்ர முழங்காலைக் காப்பாத்தின மனிசன் ஒரே ஆள்தான். அடிமட்டம் அண்ணை. மிச்சம் அரைவாசி ஸ்கூல் ஸ்கீ காம்புக்கே போகேல்லை, அதால தப்பினதுகள்.

சொந்தப் பேர் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டன். இலங்கையில இருந்து படகில வந்த மனிசன், தற்காலிக விசா, பேர் பேப்பரில வந்தால் பயந்துபோவார். ரூலருக்கு எங்கட ஆக்கள் அடிமட்டம் எண்டுதானே சொல்லுறது. இரும்பு அடிமட்டம் ஒண்டு எந்த நேரமும் அவற்ர பின் பொக்கற்றில நீட்டிக்கொண்டு நிக்கும். கோயிலுக்கு வேட்டியோட வந்தாலும் இடுப்பில செருகிக்கொண்டுதான் வருவார்.

த பேசின் எண்ட இடத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போற றோட்டில, ரயர்க் கடைக்குப் பக்கத்தில, ஸ்கீ சாமான் வாடகைக்குக் குடுக்கிற கடை ஒண்டு இருக்கு. அங்கதான் வேலை. ஆனி, ஆடி இஞ்ச குளிர் காலம், அந்த மாசத்து ஞாயிற்றுக்கிழமையில பாக்கவேணும். பூசை முடிய, நெத்தியில வீபூதி, கையில மோதகம், அப்பிடியே குடும்பம் குடும்பமா வந்து இறங்குங்கள். அடிமட்டம் அண்ணை ஒருத்தரின்ர முகத்தையும் பாக்க மாட்டார். குனிஞ்சு காலைத்தான் பாப்பார்.

சிரிச்சால் விசாவைப் பறிச்சுப்போடுவினம் எண்டு ஆரோ சொல்லிவிட்ட மாதிரி ஒரு முகம். "இந்த வருசம் பனி கொட்டுமோ அண்ணை?" எண்டு கேட்டால், "கொட்டாது. கொட்டினாலும் நீங்கள் போற கிழமை மழை பெய்யும்" எண்டுவார். ஸ்கீயைக் கையில குடுக்கேக்க ஆசீர்வாதமும் குடுப்பார்: "நாளைக்கு இந்தப் பிள்ளை விழும். கட்டாயம் விழும்." கேட்டுக்கொண்டு நிக்கிற தாய்மார் பிள்ளையை இழுத்து அணைச்சுக்கொள்ளுவினம்.

ஒரு கலியாணத்தில மாப்பிள்ளைக்குக் கை குடுக்கப் போனவர், கையை விடாமலே, "தம்பி, சப்பாத்து ஒரு சைஸ் கூட. படி இறங்கேக்க கவனம்" எண்டார். மாப்பிள்ளை படியிலதான் விழுந்தது. அண்ணையின்ர நாவூறு எண்டுதான் பொம்பிளை வீட்டார் இண்டைக்கும் சொல்லுகினம்.

அவர் சண்டை பிடிக்கிறது ஒரேயொரு விசயத்துக்குத்தான். பதின்மூண்டு, பதினாலு வயசுப் பிள்ளைக்கு ஜூனியர் சாமானோ, அடல்ட் சாமானோ? எங்கட சனத்தைப் பற்றித் தெரியும்தானே. பிள்ளைக்கு எது வாங்கினாலும் இரண்டு சைஸ் கூட வாங்கவேணும், வளர்ற பிள்ளை. யூனிபோமில இருந்து சைக்கிள் வரைக்கும் அதுதான் சட்டம். வாடகைக்கு, மூண்டே நாளைக்கு எடுக்கிற பூட்ஸையும் இரண்டு சைஸ் கூடக் கேக்கிற ஒரே இனம் நாங்கள்தான். மூண்டு நாளையில என்னத்தை வளர்றது?

ஒரு டொக்டர் அங்கிள் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பதின்மூண்டு வயசு, ஆறடிக்குக் கிட்ட, காத்தடிச்சால் பறக்கிற உடம்பு. அண்ணை ஜூனியர் பூட்ஸை எடுத்துவைச்சார்.

"என்ர மகனைப் பாத்தால் சின்னப்பிள்ளை மாதிரியோ இருக்கு? அடல்ட்டை எடும்."

"உயரம் வந்திட்டுது அங்கிள், பாரம் வரேல்லை. ஸ்கீயில பூட்ஸைப் பிடிச்சிருக்கிற கொளுவிக்குப் பாரம்தான் தெரியும், உயரம் தெரியாது. விழேக்க அது கழரவேணும். கழராட்டி முழங்கால் திரும்பும்."

"நீர் எந்த யூனிவேர்சிற்றியில படிச்சனீர்?"

"நான் யூனிவேர்சிற்றி இல்லை அங்கிள். கடையில பின்பக்கம்."

டொக்டர் முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி வெள்ளைக்காரன், நல்ல மனிசன். பிள்ளையைப் பாத்தான், அண்ணையைப் பாத்தான், ஜூனியர் பூட்ஸைத் தூக்கி டொக்டரின்ர கையிலயே குடுத்துப்போட்டுப் போனான்.

போன வருசம் எங்கட முறை வந்தது. என்ர மகள் அபிக்குப் பதினாலு வயசு, என்னை விட உயரம், ஸ்கூலில ஸ்கீ காம்ப். சாமான் எடுக்க முதல் ஒரு படிவம் நிரப்பவேணும்: உயரம், நிறை, கால் அளவு. நிறை நாற்பத்திநாலு கிலோ. எழுதப் பேனையை எடுத்தனான், கை போகேல்லை. இந்தப் பிள்ளைக்குத் தாய் சாப்பாடு குடுக்கிறேல்லையோ எண்டு பாக்கிறவன் நினைப்பானே! ஐம்பத்தைஞ்சு எண்டு எழுதினன். நான் கள்ளி இல்லை, தாய். கால் அளவையும் இரண்டு கூட்டி, அடல்ட் எண்ட பெட்டிக்குள்ள ஒரு சரியும் போட்டுவிட்டன்.

அடிமட்டம் அண்ணை படிவத்தைப் பாத்தார். அபியின்ர காலைப் பாத்தார். திரும்பப் படிவத்தைப் பாத்தார்.

"தங்கச்சி, பிள்ளையைப் புத்தகப் பையோடயோ நிறுத்தனீங்கள்?"

எனக்கு ஏறிச்சுதே ஒரு கோவம்! "நான் பெத்த பிள்ளையின்ர நிறை எனக்குத் தெரியாதோ?" எண்டன். அவர் மேசைக்குக் கீழ இருந்து தராசை இழுத்து வைச்சார். நாற்பத்திநாலு. பின்னால நிண்ட மூண்டு குடும்பமும் பாத்தது. பிள்ளையாரே, அந்தத் தராசோட பூமிக்குள்ள போயிருப்பன்.

"இந்தப் படிவத்தின்படி கொளுவியை இறுக்கியிருந்தால், பிள்ளை விழேக்க அது கழண்டிராது" எண்டார். குரலை உயத்தேல்லை. அபி போட்டிருந்த இரண்டு சோடி சொக்ஸில ஒண்டைக் கழட்டச் சொன்னார். குதிக்காலைச் சுவரோட ஒட்டவைச்சு அடிமட்டத்தால அளந்தார். ஜூனியர் பூட்ஸ், ஜூனியர் ஸ்கீ. பூட்ஸின்ர பக்கத்தில பென்குயின் படம். அபி அழுறதுக்குக் கிட்ட.

"அம்மா, ஐம் நொட் எ கிட்!"

"பென்குயினுக்கு மேல கறுப்பு ரேப் ஒட்டித் தாறன்" எண்டார் அண்ணை. அதையும் அடிமட்டம் வைச்சு அளந்துதான் வெட்டி ஒட்டினார்.

ஒட்டி முடிய, "பிள்ளை என்ன மாசம் பிறந்தது?" எண்டு கேட்டார். மாசி எண்டன். ஒரு கொப்பியை எடுத்து, "இந்தக் கால் அளவை நான் எழுதி வைக்கலாமோ?" எண்டார்.

"என்னத்துக்கு?" எண்டு சீறினன். வெக்கத்தில இருக்கிறவளுக்கு வாய் கூடத்தானே.

அவர் குனிஞ்சபடியே சொன்னார். கிளிநொச்சிக்குப் பக்கத்தில அவருக்கும் ஒரு மகள், கயல். அவளும் அதே வருசம், மாசிதான். அவர் படகேறேக்க பத்து மாசம், நடக்கத் தொடங்கேல்லை. வெளிநாடு போனால் திரும்ப இஞ்ச வர ஏலாத விசா, அதால போய்ப் பாக்கேல்லை. ஒவ்வொரு வருசமும் கடைக்கு வாற அதே வயசுப் பிள்ளையளின்ர கால் அளவை எழுதி, எல்லாத்துக்கும் நடுவில ஒண்டை எடுத்து, மகளுக்குச் சப்பாத்து வாங்கிப் பெட்டி கட்டிக் கப்பலில அனுப்புவார். "மனிசி போனில சொல்லுவா, அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்காம்" எண்டார். அந்த முகத்தில ஒரு சிரிப்பை அண்டைக்குத்தான் கண்டன்.

கொப்பியை வாங்கி நானே எழுதிக் குடுத்தன். வேற என்னத்தைச் செய்யிறது?

காம்பில இரண்டாம் நாள் அபி நல்லா விழுந்திட்டாள். கால் ஒரு பக்கம், ஸ்கீ ஒரு பக்கம். கொளுவி கழண்டுபோச்சு, ஒரு கீறலும் இல்லை. வீட்டை வந்து, "தற் அங்கிள் வோஸ் ரைட்" எண்டிட்டு அறைக்குள்ள போயிட்டாள். நான் குசினிக்குள்ள நிண்டு கொஞ்ச நேரம் அழுதனான். ஐம்பத்தைஞ்சு எண்டு எழுதின கை இந்தக் கைதானே.

மார்கழியில என்ர தங்கச்சியின்ர கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போற அலுவல் வந்தது. கடைக்குப் போய், "அண்ணை, கயலுக்கு ஏதும் குடுத்துவிடுறதெண்டால் தாங்கோ" எண்டன். அந்த வருசச் சப்பாத்து ஏற்கனவே கப்பலில போயிட்டுது. யோசிச்சு நிண்டவர், பொக்கற்றில இருந்த அடிமட்டத்தை உருவித் தந்தார்.

"கொப்பிக் கணக்கு இனிக் காணாது தங்கச்சி. பதினாலில ஒண்டு ஜூனியராவே நிக்கும், ஒண்டு அடல்ட்டுக்குப் போயிடும். அவள் எந்தப் பக்கம் எண்டு எனக்குத் தெரியேல்லை. நீங்கள் ஒருக்கா அளந்துகொண்டு வாங்கோ. குதிக்காலைச் சுவரோட வைக்கவேணும். இரண்டு காலும்."

ஊரில இருக்கிற பிள்ளையளையெல்லாம் பாத்த மாத்திரத்தில பிரிச்சு விடுற மனிசன், சொந்தப் பிள்ளைக்கு என்னட்டைக் கேட்டுக்கொண்டு நிக்கிறார்.

கலியாணம் முடிய ஒரு வான் பிடிச்சுப் போனன். கயல் வாசலுக்கு வந்தாள், வெறுங்காலோட. நல்ல உயரம். நான் வந்த காரியத்தைச் சொல்ல, தாயின்ர முகம் மாறிப்போச்சு. அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போய் அலுமாரிக்கு மேல காட்டினா. சப்பாத்துப் பெட்டியள், வருசத்துக்கு ஒண்டு, வரிசையா. எல்லாம் புதுசு.

விசயம் இதுதான். அடிமட்டம் அண்ணை சரியான அளவுக்கு வாங்குவார், நூல் பிசகாது. ஒரு சைஸ் கூட்டி வாங்கிறது அவருக்குப் பாவம் செய்யிற மாதிரி. ஆனால் பெட்டி கப்பலில போய், கொழும்பில கிடந்து, லொறியில வந்து சேர மாசக் கணக்கு. பிள்ளையின்ர கால் அதுவரைக்கும் பாத்துக்கொண்டு இருக்குமோ? ஒவ்வொரு முறையும் குதிக்கால் வெளிய நிண்டிருக்கு. பெட்டி வந்த அண்டைக்கு மட்டும் பின்பக்கத்தை மிதிச்சுக்கொண்டு, முன்பக்கம் தெரியிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புறது.

"அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா" எண்டு தாய் என்ர கையைப் பிடிச்சா. "அந்தாளுக்கு இது ஒண்டுதான் செய்யக் கிடைச்சது."

கயலை நிப்பாட்டி, குதிக்காலைச் சுவரோட வைச்சு, அடிமட்டத்தை வைச்சன். இருபத்தைஞ்சரைச் சென்ரிமீட்டர். ஒரு கடுதாசியில இரண்டு பாதத்தையும் வைச்சு பென்சிலால கோடு கீறி எடுத்தன். அவளுக்குக் கூச்சம், சிரிச்சாள். அப்பாவின்ர முகம்தான், ஆனால் சிரிக்கத் தெரிஞ்ச முகம்.

மெல்பேர்ணுக்குத் திரும்பி வந்து கடைக்குப் போனன். தை மாசம், இஞ்ச கோடை, வெயில் கொளுத்துது, கடையில ஒரு சனம் இல்லை. அண்ணை தனிய இருந்து ஸ்கீ விளிம்புகளைத் தீட்டிக்கொண்டு இருந்தார். கடுதாசியை மேசையில விரிச்சன். அடிமட்டத்தை வாங்கி அதில வைச்சார். எடுத்துத் திரும்ப வைச்சார்.

"இருபத்தைஞ்சரை" எண்டார். "நான் கடைசியா அனுப்பினது இருபத்தி மூண்டரை."

நான் கடுதாசியின்ர மடிப்பை நீவிக்கொண்டு நிண்டன்.

"அப்ப அதுக்கு முதல் அனுப்பினதுகளும்..."

"போட்டவள் அண்ணை. எல்லாம் போட்டுத் தேஞ்சுபோச்சு" எண்டன். நிறையைக் கூட்டி எழுதினவளுக்கு இதென்ன பெரிய பொய்யோ? ஆனால் அவரிட்டை என்ர பொய் எப்ப நிண்டு பிடிச்சது. அந்தப் பாதக் கோட்டை ஒரு விரலால குதிக்கால் தொடங்கிப் பெருவிரல் மட்டும் மெல்லத் தடவினார்.

"அடல்ட்" எண்டார். "ஜூனியர் முடிஞ்சுது."

அவ்வளவுதான். பத்து மாசத்தில விட்டிட்டு வந்த பிள்ளையின்ர ஜூனியர் காலம் முழுக்க அந்தக் கடுதாசியில முடிஞ்சு கிடந்தது.

பின்னேரம் வேலை முடிய, என்ர காரில சப்பாத்துக் கடைக்குப் போனம். கடைப் பெட்டை வந்து, சின்னப்பிள்ளையளுக்கோ, பெரியாக்களுக்கோ எண்டு இங்கிலிசில கேட்டாள். ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன மனிசன் அடிமட்டத்தைக் கையில பிரட்டிக்கொண்டு நிண்டார். பிறகு "அடல்ட்" எண்டு மெல்லச் சொன்னார். அவள் இருபத்தைஞ்சரைக்குச் சரியானதைக் கொண்டுவந்தாள். அதைத் தள்ளி வைச்சிட்டு, இரண்டு சைஸ் கூட இருந்த பெட்டியை அவரே எடுத்தார்.

நான் பாத்துக்கொண்டு நிண்டன். எத்தினை வருசம் எத்தினை தாய்மாரை இதுக்காகவே ஏசின மனிசன்! பகிடி விட இதை விட்டால் வேற நேரம் வராது.

அவர் பெட்டியைப் பாத்தபடியே சொன்னார். "வளர்ற பிள்ளைதானே தங்கச்சி."

"ஓம் அண்ணை" எண்டன்.

காருக்குள்ள ஏறேக்க அடிமட்டத்தைத் திருப்பி என்ர கையில தந்தார். "நீங்களே வைச்சிருங்கோ. அடுத்த முறை போகேக்கையும் அளக்க வேணுமெல்லோ."

அடுத்த முறை நீங்களே போய் அளப்பியள் அண்ணை எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கத்தான் வேணும். அந்த முகத்தைப் பாத்து எனக்குச் சொல்ல வரேல்லை. கடையில இப்ப வேற ஒண்டு வைச்சிருக்கிறார், பிளாஸ்ரிக். இரும்பு அடிமட்டம் எங்கட வீட்டில, என்ர தாலிக்கொடி வைக்கிற அலுமாரி லாச்சிக்குள்ள, அவர் வந்து கேக்கிற நாளுக்காகக் கிடக்குது.