அடுத்த ஞாயிறும் வாங்க

மாட்டேன் என்று இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு சொல். சொன்னால் நாக்கு தேய்ந்தா போய்விடும்?

நினைத்து முடிப்பதற்குள், படுக்கை விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த சூப்பர்வைசர் கேட்டுவிட்டாள்.

"ஞாயிறு மதியம் சாப்பிட வந்துடுவீங்கல்ல?"

"வந்துடறேன் மேடம்."

ஓட்டல் விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற அந்தச் சலவைக்கூடத்தில் சேர்ந்த புதிதில், சூப்பர்வைசர் இதே மாதிரி அழைத்தபோது, "இருக்கட்டும் மேடம், பரவாயில்லை" என்று சொன்னவள்தான் அவள். நம் ஊராக இருந்தால், "என்ன இருக்கட்டும்? பேசாம வா" என்று கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள். சூப்பர்வைசரோ தலையாட்டிவிட்டு அடுத்த விரிப்பை உதறினாள்.

அப்போது அவளுக்குப் புரிந்தது. இங்கே ஒரு முறைதான் கேட்கிறார்கள். மனசில் இருப்பதைத்தான் கேட்கிறார்கள். நல்ல பழக்கம். பிழைக்க வந்த இடத்து வழக்கத்தை மதிக்க வேண்டாமா? அடுத்த முறை கேட்டதுமே "வரேன்" என்றாள்.

அத்தோடு ஞாயிற்றுக்கிழமை அவள் கையை விட்டுப் போயிற்று. சாப்பிட்டுக் கிளம்பும்போதெல்லாம் சூப்பர்வைசர் வாசலில் நின்று, "அடுத்த ஞாயிறும் வாங்க" என்பாள். மனசாரக் கூப்பிடுகிறவளிடம் மாட்டேன் என்பது எப்படி?

கணவருக்கு இரவு வேலை. அவள் வீட்டுக்குள் நுழையும்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். ஞாயிறுதான் இருவரும் பகல் வெளிச்சத்தில் முகம் பார்த்துக்கொள்கிற நாள்.

"நீ அந்த சூப்பர்வைசரையே கட்டிக்கிட்டிருக்கலாம்."

"நீங்களும் வாங்களேன். சேர்ந்தாவது இருக்கலாம்."

வந்தார். சூப்பர்வைசரின் கணவர் வாயைத் திறக்காத மனிதர். இவரை மீன் தொட்டிக்கு எதிரே உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். திரும்பும் பேருந்தில் இவர் சொன்னார்: "எந்த மீனுக்கு எதைக் கண்டா ஆகாதுன்னுகூட எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உனக்கு என்ன பிடிக்கும்னுதான் மறந்துக்கிட்டே வருது."

பதிலுக்கு ஒரு தடவை அவர்களை அழைத்துவிட்டால் கடன் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள். அழைத்தாள். வந்தார்கள், சாப்பிட்டார்கள். கிளம்பும்போது, அந்த ஊர் மரியாதைப்படி, "அடுத்த சனிக்கிழமையும் வாங்க" என்று சொல்லித் தொலைத்தாள். சூப்பர்வைசர் ஒரு கணம் விழித்தாள். பிறகு, "கண்டிப்பா" என்றாள்.

இப்போது சனிக்கிழமை அடுப்படி, ஞாயிற்றுக்கிழமை மீன்.

நேற்று கணவர், "ஞாயிறும் ஷிஃப்ட் கேட்டிருக்கேன். திங்கட்கிழமை சொல்றாங்களாம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னார்.

அந்த ஞாயிறு கணவர் வீட்டிலேயே இருந்துவிட, அவள் தனியாகவே போனாள். சாப்பிட்டு எழுந்தாள். சூப்பர்வைசர் அவளுடைய கோட்டை எடுக்க உள்ளே போனதும், வாயைத் திறக்காத மனிதர் தொட்டியிலிருந்து திரும்பினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க ஊர் வழக்கத்துக்காக நாங்களும் இத்தனை நாள் பொறுத்துக்கிட்டோம்."

"எங்க ஊர் வழக்கமா?"

"கூப்பிட்டா மறுக்கக் கூடாதுங்கறீங்களே, அது. இங்க 'வாங்க'ங்கறது சும்மா ஒரு மரியாதைக்கு. யாரும் வர மாட்டாங்க. நீங்க வந்து உட்கார்ந்துட்டீங்க. நீங்க கூப்பிட்டப்போ, வரலைன்னா உங்க மனசு நோகுமேன்னு நாங்களும் வந்தோம். நானும் என் பொண்டாட்டியும் ஒரு ஞாயிறு தனியா உட்கார்ந்து பேசி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

சூப்பர்வைசர் கோட்டோடு வந்தாள். சிரித்த முகம்தான். அந்தச் சிரிப்புக்கு மேலே இருந்த கண்களை அவள் இன்றுதான் பார்த்தாள். தினமும் தன் வீட்டுக் கண்ணாடியில் பார்க்கிற அதே கண்கள்.

"அடுத்த ஞாயிறும் வாங்க."

அவள் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தாள்.

"இல்லை மேடம்," என்றாள் மெதுவாக. "நான் வீட்ல இருக்கேன்."