மாமனாரின் கோழிகளுக்கு நான் கலக்கிய மூலிகைத் தண்ணீர்

மாமனார் வீட்டில் நல்ல பேர் வாங்க வேண்டும் என்ற ஆசை ஒரு மாப்பிள்ளைக்கு வரவே கூடாது. எனக்கு வந்தது. அப்போது கல்யாணமாகி ஆறே மாதம்.

மாமாவுக்குக் கம்மாபுரம் பக்கம் கறிக்கோழிப் பண்ணை. வீட்டை ஒட்டியே ஒரே ஷெட், இரண்டாயிரம் கோழி. நல்ல அக்னி நட்சத்திரத்தில், எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் மங்களூரில் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் வந்தது. கோழிகளை ஏற்றிப்போக லாரி வர இன்னும் இரண்டு நாள். (கொழுத்த கோழி வெயில் தாங்காது. கொழுத்த மாப்பிள்ளையும்தான்.) விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் லீவு போட்டுவிட்டு மனைவியோடு வந்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

மாமா அரை மனதோடுதான் கிளம்பினார். காலைத் தீவனத்தில் நெல்லி, துளசி, அமுக்கரா சேர்த்த மூலிகைப் பொடியைக் கலக்க வேண்டும். சூடு தாங்க அதுதான் மருந்து. பத்து மணிக்குத் தீவனத் தட்டுகளைத் தூக்கிக் கட்டிவிட வேண்டும். வெயில் நேரத்தில் தின்றால் கோழிக்கு உடம்புச் சூடு ஏறும். பைக்கில் ஏறிய பிறகும் சொன்னார்:

"எது மறந்தாலும் பரவால்ல மாப்ள. தண்ணி மட்டும் நிக்கக் கூடாது."

மறுநாள் தட்டுகளைத் தூக்கிக் கட்டிய பிறகுதான் பொடிப் பையைப் பார்த்தேன். பிரிக்கவே இல்லை. வெயில் ஏற ஏற எனக்கு மூளையும் வேலை செய்தது. தின்னத்தானே கூடாது, குடிக்கலாமே! பை முழுவதையும் தண்ணீர்த் தொட்டியில் கொட்டிக் கட்டையால் கலக்கினேன்.

குழாயில் வரிசையாகத் தொங்கும் நிப்பிளைக் கோழி கொத்தினால் தண்ணீர் சொட்டும். மதியம் பார்த்தால் அத்தனை கோழிகளும் முண்டியடித்துக் கொத்துகின்றன. என் மருந்து அவ்வளவு ருசி போலிருக்கிறது என்று பூரித்துப்போய் வீடியோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. பின்னால் நாதஸ்வரம்.

"மாப்ள, கொத்திக்கிட்டே இருக்குது, ஒண்ணுகூட குடிச்சிட்டு நகரல. எல்லாம் வாயப் பொளந்துகிட்டு இருக்குது. நிப்பிள்ல தண்ணி வருதா?"

ஒன்றை அழுத்தினேன். வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. இருநூறு நிப்பிளிலும் என் மருந்து அடைத்துக்கொண்டிருந்தது. மாமாவின் நாற்பது நாள் உழைப்பு என் கண்ணெதிரே இறக்கையை விரித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நிஜமாகவே எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் மனைவி சுமதி ஓடி வந்து பார்த்தாள். "அழுவுறத அப்புறம் அழுவலாம், மொதல்ல தண்ணியத் தூக்குங்க" என்றாள்.

வீட்டிலிருந்த குண்டான், வாளி, சட்டி எதுவும் போதவில்லை. எங்கள் வாடகை வீட்டில் இடமில்லாததால் அவளுடைய சீர்ப் பாத்திரங்களெல்லாம் அங்கேதான் பரணில் இருந்தன. அவளே ஏறி ஒவ்வொன்றாக இறக்கினாள். தாம்பாளம், அன்னக்கூடை, பாயசப் பாத்திரம். நான் நிரப்பி நிரப்பி வைத்தேன்.

பந்தியில் உட்காராமலே மாமா பைக்கில் வந்து சேர்ந்தார். மகள் பேர் வெட்டிய தாம்பாளத்தைச் சுற்றிக் கோழிகள் குடித்துக்கொண்டிருந்தன. ஓரமாகப் பதினேழு கோழிகள் செத்துக் கிடந்தன. அவர் என்னைத் திட்டவில்லை. (திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.) ஒரு நிப்பிளைக் கழற்றி, உள்ளே இருந்த பச்சைச் சேற்றை விரலில் எடுத்துப் பார்த்தார்.

"மாப்ள, கம்பெனில உங்களுக்கு என்ன வேலைங்க?"

அவருக்குத் தெரியும். பெண் கேட்டபோதே விசாரித்த விஷயம்தான்.

"களிமண் கரைசல சல்லடைல வடிகட்டுறது மாமா."

அவர் தொட்டியைக் கழுவப் போய்விட்டார். மிச்சக் கோழிகள் பிழைத்து லாரி ஏறின.

வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த வீட்டில் எல்லோருக்கும் டீ டம்ளரில் வரும். எனக்கு மட்டும் டம்ளர் மேல் ஒரு வடிகட்டியும் வரும். நானும் வடிகட்டித்தான் குடிக்கிறேன். மாமா வெளியூர் போனால் இப்போதும் ஷெட்டை என்னிடம்தான் ஒப்படைக்கிறார். சாவிக் கொத்திலேயே ஒரு டீ வடிகட்டியைக் கோத்து வைத்திருக்கிறார்.